பதினாலு நாள் மாப்பிள்ளை

குன்னூர், கோத்தகிரிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் 2020 ஜூன் மாதம், கொரோனாத் தனிமைப்படுத்தலில், தொழிலாளர் குடியிருப்பு வரிசையான லைனுக்கு ஒருவராவது இப்படி இருந்தார். வயது இருபது. சென்னையில் பி.காம். படிப்பு, மூன்று அரியர். கையில் அழியாத மை முத்திரை, முகத்தில் இன்னும் முடிவுக்கு வராத தாடி, வாசல் கதவில் ‘உள்ளே நுழையாதீர்’ ஸ்டிக்கர். மறுவீட்டுக்கு வந்த மாப்பிள்ளைக்குக்கூட அந்த லைனில் அவ்வளவு உபசாரம் நடந்ததில்லை. அவ்வளவு கண்காணிப்பும் நடந்ததில்லை.

மார்ச் 17-இல் கல்லூரிகளை மூடியதும் மற்ற பிள்ளைகள் மலையேறிவிட்டார்கள். நம்மவர் ஏறவில்லை. பதினைந்து நாள் லீவுக்குப் பஸ் காசு எதற்கு என்று நண்பர்களோடு சூளைமேட்டு அறையிலேயே தங்கினார். 24-ஆம் தேதி மாலை தமிழ்நாடே கதவைச் சாத்திக்கொண்டது. ஏப்ரல் முழுக்க உப்புமா, மே முழுக்கத் தக்காளி சாதம். ஜூன் 19 முதல் சென்னைக்கு மறுபடி முழு ஊரடங்கு என்று அறிவித்தபோதுதான் அம்மாவின் ஞாபகம் வந்தது.

ஊர் போக இ-பாஸ் வேண்டும். இ-பாஸுக்குக் காரணம் வேண்டும். திருமணம், மருத்துவம், இறப்பு ஆகிய மூன்றில் அவர் கைக்கு எட்டியது மூன்றாவதுதான். விண்ணப்பத்தில் அப்பாயியைச் சாகடித்தார். சான்று எங்கே என்று திருப்பிவிட்டார்கள். தான் போய்ச் சேர்ந்த சேதி தெரியாத அப்பாயி, அந்நேரம் ரேஷன் கடை முன்னால் சுண்ணாம்பு வட்டத்துக்குள் நின்று, பருப்பு நிறுவையைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். கடைசியில், வெளியூரில் சிக்கிக்கொண்ட மாணவன் என்று உள்ளதையே எழுதினார், பாஸ் வந்துவிட்டது. உண்மையை எழுதினால் காரியம் நடக்கும் என்பதை அவர் பரீட்சைத் தாளில் மட்டும் கடைசிவரை சோதித்துப் பார்க்கவில்லை.

பர்லியார் சோதனைச் சாவடியில் நெற்றிச் சூடு பார்த்து, முகவரி எழுதி, அனுப்பினார்கள். கார் கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டுவதற்குள் சேதி லைனைத் தாண்டிவிட்டது.

லைன் வீடு என்பது முன்னறை ஒன்று, அடுப்படி ஒன்று, முடிந்தது வீடு. தனி அறை, நல்ல காற்றோட்டம், தனிக் கழிப்பறை என்று சுகாதார ஆய்வாளர் கொடுத்த தாளில் இருந்தது. காற்றோட்டத்துக்குக் குறைவில்லை, தகரக் கூரையின் ஓட்டைகள் பார்த்துக்கொள்ளும். தனிக் கழிப்பறை என்ற இடத்தில் அப்பா தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். முன்னறை, டிவி, வீட்டிலிருந்த ஒரே நல்ல கம்பளி எல்லாம் மாப்பிள்ளைக்கு. மற்ற நான்கு பேரும் அடுப்படியில் கால் நீட்டாமல் படுத்தார்கள். அம்மா தட்டை நிலைப்படியில் வைத்துவிட்டு, “சாமி, நான் தள்ளிப் போனதுக்கப்புறம் எடு” என்பாள். தள்ளிப் போகமாட்டாள். எவ்வளவு சாப்பிடுகிறான் என்று பார்க்க வேண்டுமே.

பார்த்தது அம்மா மட்டுமல்ல. பாதி ஆட்களை வைத்துத் தோட்டம் நடத்தலாம் என்று ஏப்ரலிலேயே அனுமதி வந்திருந்தது. காலையில் சாக்கை இடுப்பில் கட்டிக்கொண்டு கொழுந்தெடுக்கப் போகிறவர்கள் எல்லோருக்கும் வழி அந்த ஜன்னல் ஓரம்தான். “என்னா தம்பி, காய்ச்சல் இருக்கா?” “இருமல் ராத்திரி கேட்டுச்சே, நீயா, உங்கப்பாவா?” பாஸ்டியர் நிறுவனத்தில் ஒரு காலத்தில் தோட்டவேலை பார்த்த பெரியப்பா ஒருவர் உண்டு. 1907-இல் குன்னூரில் நாய்க்கடி மருந்துக்காகத் தொடங்கிய இடம் அது. அங்கே ரோஜாச் செடிக்குத் தண்ணீர் ஊற்றியவர் என்ற உரிமையில் அவர் தினமும் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தார்.

உண்மையான பரிசோதனையை நடத்தியது அப்பாயி. பதினைந்து மூலிகை போட்ட கபசுரக் குடிநீரை மூன்று வேளை ஊற்றியும் பேரன் நிமிர்ந்து நின்றதால் அவளுக்குச் சந்தேகம். மூக்கில் மணம் தெரியாமல் போனால் அதுதான் நோய் என்று டிவி சொல்லியிருந்தது. கருவாடு சுட்டாள்.

“வாசம் வருதாடா?”

“வருது அப்பாயி.”

“என்ன கருவாடு?”

“நெத்திலி.”

அடுப்படியில் பேச்சே இல்லை. சுட்டது சாளை. பையனுக்கு மூக்கு போயிருச்சாம் என்று மேல் லைனில் கிளம்பிய பேச்சு, கீழ் லைனுக்கு இறங்கும்போது மூச்சு போயிருச்சாம் என்று ஆகிவிட்டது. அங்கிருந்து ஒரு கிழவி தலையில் அடித்துக்கொண்டு ஏறி வந்தாள். பிரேதம் ஜன்னலில் உட்கார்ந்து செல்போன் பார்த்துக்கொண்டிருந்தது. அவருக்குக் கருவாட்டில் வகை தெரியாது, அவ்வளவுதான். சூளைமேட்டு அறையில் உப்புமாவும் தக்காளி சாதமும்தான்.

ஒரு வாரம் ஆனதும் “ஜெயில்ல இருக்கற மாதிரி இருக்கு” என்று புலம்பினார். அப்பாயியிடம் சொல்லியிருக்கக் கூடாது. அவளுடைய பாட்டி காலத்தில் சிலோன் தோட்டத்துக்குப் போகிறவர்களை மண்டபம் முகாமில் நாள்கணக்கில் அடைத்து, காலரா, அம்மை இல்லை என்று தெரிந்த பிறகுதான் கப்பலேற்றினார்கள். 1964-இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டு, அங்கிருந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு என்று கணக்கெழுதினார்கள். அந்தக் கணக்கில் ஒருத்தியாகத் தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கிய அப்பாயியும், கைக்குழந்தையோடு கிடந்தது அதே மண்டபத்தில்தான். தாயகம் திரும்பியவர்களுக்கென்று 1968-இல் அரசு தொடங்கிய தேயிலைத் திட்டத்தில் வேலை கிடைத்துத்தான் இந்த மலைக்கு வந்தாள். “ஒரு டிரங்குப் பெட்டி, ஒங்கப்பன், நானு. நெட்டு எந்த மூலையில எடுக்கும்னு அங்க எவனும் கேக்கலடா” என்று முடித்துக்கொண்டாள்.

நெட்டு எடுத்த மூலை ஜன்னலின் இடது கம்பி. செல்போனைக் கயிற்றில் கட்டி அங்கே தொங்கவிட்டால் இரண்டு கோடு வரும். பள்ளத்திலிருந்து மேகம் ஏறினால் அதுவும் போகும். ஆன்லைன் வகுப்பில் பேராசிரியர் கேள்வி கேட்கும் நேரமும் மேகம் ஏறும் நேரமும் எப்படியோ ஒன்றாகவே அமைந்தன. “சார், இங்க மிஸ்ட் சார்” என்பது பொய்யில்லை, எப்போதும் உண்மையுமில்லை. கணக்கியல் அவருக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. ஆனால் ஆகஸ்ட் 26-இல், கட்டணம் கட்டியிருந்தால் அரியரும் பாஸ் என்று அன்றைய முதலமைச்சர் அறிவித்தார். மாணவர்கள் அவருக்குப் போஸ்டர் ஒட்டினார்கள். வழக்கு உயர் நீதிமன்றம் போய்ப் பரீட்சை திரும்பி வந்தது பின்கதை. அதற்குள் அப்பா தோட்டம் முழுக்க மிட்டாய் கொடுத்து முடித்துவிட்டார்.

ராத்திரிதான் சோதனை. கழிப்பறை இருபதடி தள்ளி, லைனுக்கே பொது. எல்லோரும் தூங்கிய பிறகு போய்வரச் சொல்லியிருந்தார்கள். ஒன்பதாம் நாள் கதவைத் திறந்து டார்ச் அடித்தார். வாளிக்குப் பக்கத்தில் காட்டெருமை, ஒரு டன் இருக்கும். அது இவரைப் பார்த்தது. ஆறடி இடைவெளியை இவர் அறுபதடியாக்கப் பார்த்தார். பின்னால் சுவர்தான் இருந்தது. அலறியதில் லைனே எழுந்து தகரம் தட்டியது. எருமை அவசரப்படாமல் தேயிலைக்குள் இறங்கியது. அதன் பிறகு அவர் எத்தனை மணிக்குப் போகிறார், எவ்வளவு நேரம் ஆகிறது என்பதெல்லாம் மறுநாள் கொழுந்து நிறுக்கும் இடத்தில் பேச்சானது.

பதினைந்தாம் நாள் கிராம உதவியாளர் வந்து ஸ்டிக்கரைக் கிழித்தார். பாதி கிழிந்தது, மீதி ‘நுழையாதீர்’ இன்றும் இருக்கிறது.

ஜூலையில் கடைசி வீட்டுப் பையன் திருப்பூரிலிருந்து வந்து சேர்ந்தான். அவன் ஜன்னலுக்கு ஆறடி தள்ளி, மாஸ்க் போட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, முதல் ஆளாக வந்து நின்றவர் நம்மவர்தான்.

“ராத்திரி வெளிய வந்தா தகரத்தத் தட்டிட்டு வா. நெட்டு வேணும்னா இடது கம்பி. எங்க அப்பாயி கருவாடு சுட்டா, சாளைன்னு சொல்லு.”

“அது வேற கருவாடா இருந்தாண்ணே?”

“என்னமோ சொல்லு. நெத்திலின்னு மட்டும் சொல்லிராத.”