வரப்பில் நிற்பவர்கள்

அம்மாவைப் பெற்ற தாத்தாவுக்கு அம்பாசமுத்திரத்தில், நதியுண்ணிக் கால்வாய்ப் பாசனத்தில், ஒன்றரைக் கோட்டை விதைப்பாடு இருந்தது. அதே ஊரில் 1937-லிருந்து நெல் ஆராய்ச்சி நிலையமும் இருக்கிறது. அங்கிருந்து புது ரகம் ஏதாவது வெளிவந்தால் ஊரே பரபரக்கும். தாத்தா பரபரக்க மாட்டார். வெற்றிலைக் காம்பைக் கிள்ளிக்கொண்டே சொல்வார்: "மொத வருசம் பக்கத்து வயக்காரன் போடட்டும்லே. நாம வரப்புல நின்னு பாப்போம்."

சொன்னபடியே நிற்பார். 1986-இல் அம்பை 16 வந்தபோதும் நின்றார். துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு, பக்கத்து வயலில் எத்தனை தூர் கட்டியிருக்கிறது, கதிரில் பதர் எவ்வளவு, காற்றுக்குச் சாய்கிறதா என்று தன் வயலைவிடக் கவனமாகப் பார்த்தார். விளைந்தால் விதை கேட்பார். விளையாவிட்டால் மனசார வருத்தப்பட்டு ஆறுதல் சொல்வார். இரண்டுக்கும் காலணா செலவில்லை. அம்பை 16 நன்றாகவே விளைந்தது. மறு வருசம் தாத்தாவும் போட்டார், அதுவரை யோசித்தது தானே என்கிற தோரணையில்.

அப்பா பாளையங்கோட்டைக்காரர், பள்ளிக்கூட வாத்தியார். வரப்பில் கால் வைக்காமல் நேரே வயலில் குதிக்கிற ரகம். எந்தப் பொருள் புதிதாக வந்தாலும், அது எதற்கு என்று ஊருக்குத் தெரிவதற்கு முன்னால் எங்கள் வீட்டுக் கூடத்துக்கு வந்துவிடும். இந்த இரண்டு வம்சத்துக்கும் பிறந்த வீரிய ஒட்டு நான். வாங்கும்போது அப்பா, தவணை கட்டும்போது தாத்தா.

இந்த விஷயத்தை எவரெட் ரோஜர்ஸ் என்கிற அமெரிக்கர் 1962-இல் ஒரு புத்தகமாகவே எழுதிவிட்டார். ஒரு புதுமை வந்தால், நூறு பேரில் இரண்டரைப் பேர் கண்ணை மூடிக்கொண்டு பாய்வார்கள். அடுத்து பதின்மூன்றரைப் பேர் கொஞ்சம் விவரத்தோடு வருவார்கள். பிறகு முப்பத்துநான்கு, இன்னொரு முப்பத்துநான்கு. கடைசிப் பதினாறு பேர் வேறு வழியில்லாமல் வந்து சேருவார்கள். அந்த இரண்டரையில் அரை ஆள் யாராக இருக்கும் என்று வெகுநாள் யோசித்திருக்கிறேன். அப்பா முழு ஆள். அந்த அரை நான்தான். ரோஜர்ஸும் ஆராய்ச்சியை வயலில்தான் தொடங்கினார். அயோவா மாகாணத்து விவசாயி மகன் அவர். அவருடைய அப்பா வீரிய ஒட்டு மக்காச்சோளம் வேண்டாம் என்று நின்றவர். 1936 வறட்சியில் பக்கத்துக்காரரின் ஒட்டுச்சோளம் நிமிர்ந்து நிற்க, இவருடையது வாடிப்போனது. எங்கள் தாத்தாவாக இருந்தால் ஒரே வருசத்தில் இறங்கியிருப்பார். வரப்பில் நிற்பதிலும் ஒரு கணக்கு வேண்டும்.

அப்பாவின் பெரிய பாய்ச்சல் தொலைக்காட்சிப் பெட்டி. சென்னைக்கு 1975-லேயே தூர்தர்ஷன் வந்துவிட்டது. சென்னை எங்களுக்கு அறுநூறு கிலோமீட்டர். அந்த அலை தாமிரபரணி வரைக்கும் நடந்து வர வருசக்கணக்காயிற்று. ஆனால் 1982 பிப்ரவரியில் இலங்கையில் ரூபவாஹினி தொடங்கியது. கடலைத் தாண்டினால் இலங்கை, கூப்பிடு தூரம். இலங்கை வானொலியில் அப்துல் ஹமீதின் குரலைக் கேட்டுத் தூங்கி எழுந்த ஊர் இது. முகத்தையும் பார்த்துவிட்டால் என்ன என்று அப்பாவுக்குத் தோன்றிவிட்டது. நாலு மாதச் சம்பளம். மரப்பெட்டி, இழுத்து மூடுகிற கதவு, அதற்குப் பூட்டு சாவி. மொட்டைமாடியில் நாற்பதடிக் குழாய், அதன் உச்சியில் மீன்முள் மாதிரி ஆன்டெனா, தென்கிழக்கே பார்த்து. பக்கத்தில் ஒரு பூஸ்டர்.

குழாயைத் திருப்புகிற வேலை எனக்கு.

"தெரியுதா?"

"வருது வருது... போச்சி!"

"இப்ப?"

"ஏலே, திருப்பாத! அப்படியே நில்லு!"

அப்படியே நின்றேன். என் கை பட்டிருந்தால் படம் தெளிவாக இருக்கிறது என்று கீழே கண்டுபிடித்துவிட்டார்கள். தெருவே கூடி முதன்முதலாகத் தொலைக்காட்சி பார்த்த அந்த இரவில், அதைப் பார்க்காத ஒரே ஆள் நான். நான் ஆன்டெனாவில் ஒரு பாகமாகிவிட்டேன்.

மறுநாளிலிருந்து குழாயில் ஒரு செங்கல்லைக் கட்டினார்கள். எனக்கும் கீழே இடம் கிடைத்தது. பார்த்தால், திரை முழுக்க மார்கழிப் பனி. பனிக்குள்ளே யாரோ நடமாடினார்கள். சிங்களத்தில் பேசினார்கள். எங்கள் தெருவில் ஒருத்தருக்கும் சிங்களம் தெரியாது. ஆனால் கதை எல்லாருக்கும் தெரிந்தது. அது அவள் புருஷன் என்று ஒரு கட்சி, அண்ணன் என்று ஒரு கட்சி. செய்தி வாசிக்கிற பெண் கைகூப்பி "ஆயுபோவன்" என்பாள். முன்வரிசையில் கால் நீட்டி உட்கார்ந்திருக்கிற எதிர்வீட்டு ஆச்சி உடனே பதிலுக்குக் கும்பிட்டு, "வாம்மா, இரி" என்பாள். பிறகு எங்கள் பக்கம் திரும்பி, "நல்லாத்தான் இருக்கா. கழுத்துலதான் ஒண்ணையும் காணும்" என்று வருத்தப்படுவாள்.

அம்மா ஒரு நாளைக்கு ஒரு லிட்டர் பால் கூட வாங்கினாள். அப்பா தொலைக்காட்சியைப் பார்த்து நான் பார்த்ததில்லை. பெட்டிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு, கூட்டத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார்.

பிறகு தூர்தர்ஷன் வந்தது. தெருவில் வீட்டுக்கு வீடு ஆன்டெனா முளைத்தது. 1987-இல் ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் ராமாயணம் ஓடியபோது பனி இல்லை, செங்கல் இல்லை. ராமர் பளிச்சென்று இந்தி பேசினார். அவரவர் வீட்டில் அவரவர் பார்த்தார்கள். எங்கள் கூடத்தில் நாங்கள் நான்கு பேர். இரண்டாவது வாரமோ மூன்றாவது வாரமோ, பாதியில் அப்பா எழுந்து மரக்கதவை இழுத்து மூடினார். "சவம், கண்ணு வலிக்கி" என்றார். பனி கொட்டியபோது வலிக்காத கண்.

அன்றைக்கு எனக்கு அது புரியவில்லை. இப்போது புரிகிறது. அப்பா நாலு மாதச் சம்பளத்தைக் கொடுத்தது பெட்டிக்காக இல்லை. வரப்பில் வந்து நிற்கிற கூட்டத்துக்காக. கூட்டம் கலைந்த அன்றே அந்தப் பொருளின் விலை அவரைப் பொறுத்தவரை பூஜ்யம்.

இதற்கு எங்கள் வீட்டிலேயே ஒரு விதிவிலக்கு உண்டு: மாவரைக்கிற கிரைண்டர். 1955-இல் கோயம்புத்தூரில் சபாபதி என்பவர் உருவாக்கியது. எங்கள் வீட்டுக்கு வரக் கால் நூற்றாண்டு பிடித்தது. அப்படியும் தெருவில் முதல் கிரைண்டர் அதுதான். வந்த அன்று அப்பாவின் அம்மா ஒரு வாய் இட்லி தின்றுவிட்டு, "ஆட்டுரல்ல ஆட்டுன ருசி இல்ல. கரண்டு வாசன அடிக்கி" என்று தீர்ப்பு சொன்னாள். கூட்டமும் இரண்டு நாளுக்கு மேல் வரவில்லை. கல் சுற்றுவதை எத்தனை நேரம்தான் பார்ப்பது? வரப்புக்காரர் மகளான அம்மா மட்டும் ஒன்றும் பேசாமல் ஆட்டுரலின் குழவியைத் தூக்கிக் கொல்லைப்புறம் கொண்டுபோய் வைத்தாள். பதினேழு வருசம் அதன் முன்னால் உட்கார்ந்தவள். எந்தப் பொருளுக்கு என்ன மதிப்பு என்று தோள்பட்டைக்குத் தெரியும். யாரும் வந்து பார்க்காமலே மதிப்போடு இருந்த ஒரே பொருள் அதுதான், அப்பா வாங்கியதிலும் சரி, நான் வாங்கியதிலும் சரி.

என் முறை 2001-இல் வந்தது. செல்போன். அப்போது நாம் பேசினாலும் காசு, நமக்கு யாராவது பேசினாலும் நமக்குத்தான் காசு. இது உறவுக்காரர்களுக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. பெரியப்பா எஸ்டிடி பூத்திலிருந்து கூப்பிடுவார். "சும்மாதாம்ல கூப்பிட்டேன். போன் நல்லா வேலை செய்யிதா?" என்று தொடங்கி, மூட்டுவலிக்கு எண்ணெய் காய்ச்சுகிற பக்குவம் வரை வந்துவிடுவார். ஒரு வருசம் என் சம்பளத்தில் ஒரு பகுதி பெரியப்பாவின் முழங்காலுக்கே போனது. டாக்டருக்குக் கொடுத்திருந்தால் குணமாவது ஆகியிருக்கும்.

அதிலும் வீட்டுக்குள் சிக்னல் வராது. சுலோசன முதலியார் பாலத்தின் நடுவில் நின்றால் கொஞ்சம் வரும். ஒரு சாயங்காலம் அங்கே நின்று, ஆற்றுக்கு மேலே குனிந்து, "கேக்கா? பெரியப்பா, கேக்கா?" என்று கத்திக்கொண்டிருந்தபோது, சைக்கிளில் போன ஒரு அண்ணாச்சி இறங்கி வந்து என் தோளைப் பிடித்தார். "தம்பி, எதுனாலும் பேசித் தீத்துக்கிடலாம். பாலத்துல நிக்காதீய" என்றார். செல்போனைக் காட்டினேன். கையில் வாங்கி எடை பார்த்தார். விலை கேட்டார். சொன்னேன். "அப்ப நான் சொன்னது சரிதான். எதுக்கும் தள்ளி நில்லுங்க" என்றுவிட்டுச் சைக்கிளில் ஏறினார்.

1843-இல் திறந்த பாலம் அது. அதற்கு முன்னால் நெல்லைக்கும் பாளைக்கும் நடுவே ஆற்றைக் கடக்க ஓடம்தான். கலெக்டர் கச்சேரியில் சிரஸ்தாராக இருந்த சுலோசன முதலியார் சொந்தப் பணத்தைப் போட்டுக் கட்டினார். ஒருத்தர் காசு போட, ஊரே நடந்து போகிறது, இன்றுவரை. முதலில் காசு போடுகிறவனுக்கு அப்படி ஒரு பேர் கிடைக்க வேண்டும். எனக்குக் கிடைத்த பேர் "செல்லு வச்சிருக்க கோட்டி". 2003-இல் வருகிற அழைப்புக்குக் காசு இல்லை என்றாக்கினார்கள். அதே வருசம் ரிலையன்ஸ்காரர்கள் 501 ரூபாயைக் கட்டினால் போனையே கையில் கொடுத்தார்கள். எருமை மேய்க்கிறவர் மடியிலும் மணி அடித்தது. அதற்குப் பிறகு பெரியப்பா என்னைக் கூப்பிடவே இல்லை. வலி வேறு யாருடைய கணக்கிலோ போய்க்கொண்டிருந்திருக்கும்.

கல்யாணப் பந்தியில் முதல் வரிசைக்குத்தான் மரியாதை. சாம்பார் சூடாக வரும். அப்பளம் உடையாமல் வரும். புதுப்பொருள் விஷயத்தில் முதல் பந்திக்காரன் கதை வேறு. அரைவேக்காட்டுச் சோறு, கூடுதல் மொய், சாப்பிட்டு முடித்ததும் "உப்பு சரியா இருந்துச்சா?" என்று ஒரு கேள்வி. நாம் சொல்கிற பதிலைக் கேட்டு, மூன்றாம் பந்திக்கு உப்பைச் சரிசெய்து பாதி விலைக்குப் போடுவார்கள். திருநெல்வேலிக்காரனுக்கே அல்வா கொடுக்கிற வித்தை இது. அதையும் வருசத்துக்கு ஒரு தடவை நான் ருசித்துத்தான் வாங்கிக்கொள்கிறேன்.

ஆனாலும் முன்பு ஒரு லாபம் இருந்தது: யாராவது வந்து கேட்பார்கள். நாலு வருசத்துக்கு முன் கையில் கட்டுகிற ஒரு கடிகாரம் வாங்கினேன். நடந்தால் எண்ணும், தூங்கினால் மார்க் போடும். பூரிக்கு மாவு பிசைந்ததை அறுநூறு அடி நடந்ததாக எழுதிக்கொண்டது. மனைவி, "ராத்திரி ஒழுங்காத் தூங்கலன்னு சொல்லுததுக்கு ஒரு மிஷினா? நீங்க விட்ட கொறட்டைக்கு என்னையக் கேட்டாச் சொல்ல மாட்டனா?" என்றாள். சரி, தெருவில் யாராவது கேட்பார்கள் என்று சட்டைக் கையை மடித்துவிட்டு ஒரு வாரம் நடந்தேன். பக்கத்து வீட்டுப் பையன் மட்டும் பார்த்தான். "அங்கிள், இது போன மாடல்லா?" என்றான். அவன் யூடியூபில் எல்லாவற்றையும் பார்த்துவிடுகிறான். எங்கேயோ ஒருத்தர் பெட்டியைப் பிரிக்கிறார்; லட்சம் பேர் படுத்துக்கொண்டே பார்க்கிறார்கள். தாத்தாவின் வரப்பு இப்போது கட்டிலுக்கு வந்துவிட்டது. ஆனால் அது என் வயலின் வரப்பு இல்லை.

இந்த நிலையில்தான் போன வருசம், பேசினால் பதில் சொல்கிற ஸ்பீக்கர் ஒன்றை வாங்கினேன். உருண்டையாக, எங்கள் பழைய ஆட்டுரல் குழவியைச் சின்னதாகச் செய்த மாதிரி இருக்கும். நான் வாங்கியதற்கு இங்கிலீஷும் இந்தியும்தான் தெரியும். பெண் குரல். மனைவி விலையைக் கேட்டுவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. அப்படி ஒன்றும் சொல்லாமல் இருப்பதற்குத்தான் நான் ரொம்பப் பயப்படுகிறேன்.

மூன்றாம் நாள் எதிர்வீட்டு ஆச்சி வந்தாள். பழைய ஆச்சியேதான், எண்பத்தைந்தைத் தாண்டிவிட்டாள். அவள் கண்ணுக்கு இப்போது தொலைக்காட்சி எல்லாமே ரூபவாஹினிதான். "ஆரோ பேசுத சத்தம் கேட்டுச்சே. விருந்தாளா?" என்றாள். காட்டினேன். குனிந்து பார்த்தாள். பெண் குரல் என்றதும் உரிமையோடு கேட்டாள்: "ஏட்டி, நீ எந்த ஊருக்காரி?"

ஸ்பீக்கர் நீல விளக்கைச் சுழற்றிவிட்டு, "சாரி, ஐ டோன்ட் நோ தட்" என்றது.

ஆச்சி மறுநாளும் வந்தாள். அதற்கு மறுநாளும். சாயங்காலம் ஆறு மணிக்குக் காலை நீட்டி உட்கார்ந்து, கால்வலி, பேரன் பெண்டாட்டி, தாமிரபரணியில் தண்ணீர் எவ்வளவு என்று எல்லாவற்றையும் அதனிடம் சொல்வாள். அது எல்லாவற்றுக்கும் அதே பதிலைச் சொல்லும். ஒரு நாள் ஆச்சி என்னைக் கூப்பிட்டாள்: "நானும் பாக்கேன், வந்த நாள்லேந்து சாரி சாரிங்கா. வயசுப் புள்ள. தீவாளிக்கு ஒண்ணு எடுத்துக் குடேம்ல."

இப்போது ஆச்சியோடு இன்னும் இரண்டு பேர் வருகிறார்கள். மனைவி பாலை அரை லிட்டர் கூட்டியிருக்கிறாள். போன வெள்ளிக்கிழமை கரண்டு இல்லை. ஸ்பீக்கர் செத்துக் கிடந்தது. ஆச்சி வராமல் போய்விடுவாளோ என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சரியாக ஆறு மணிக்கு வந்தாள். கூப்பிட்டுப் பார்த்தாள். பதில் இல்லை. என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அதன் தலையை மெதுவாகத் தடவிக்கொடுத்தாள்.

"எடுத்துக் குடுக்கலன்னு கோவமா இருக்கா போல."