தள்ளாடும் பொம்மை

கே: சின்ன ஏரியில் பெரிய பாஸ் மீன் சிக்குமா? அதுவும் வீட்டிலேயே செதுக்கிய பொம்மை மீனுக்கு?

ப: ஏன் சிக்காது? 2009 வரை தனித்து நின்ற உலக சாதனை பாஸ் மீனே கடல் போன்ற ஏரியில் அகப்பட்டதல்ல. 1932 ஜூன் 2 அன்று, அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், ஆறு தடம் மாறியபோது விட்டுப்போன மான்ட்கோமரி ஏரியில் ஜார்ஜ் பெர்ரி பிடித்தார். எடை 10 கிலோவுக்குக் கொஞ்சம் மேல். நாமாக இருந்தால் பாடம் செய்து கூடத்தில் மாட்டியிருப்போம். அவர் வீட்டிலோ அது சாப்பாட்டுக்குப் போய்விட்டது!

பெர்ரி போட்டது கடையில் வாங்கிய பொம்மை. கைவேலைக்கு ஃபின்லாந்தின் லாரி ராபாலாவைத்தான் கேட்க வேண்டும். 1936-ல் தக்கையைச் செதுக்கி, சாக்லேட் சுற்றிவரும் பளபளத் தாளை ஒட்டி, போட்டோ நெகட்டிவை உருக்கி மேலே பூசினார். சூட்சுமம் பளபளப்பில் இல்லை. அடிபட்ட குஞ்சுமீன் போல அது தள்ளாடி நீந்தியதில் இருந்தது. பெரிய மீன் நொண்டுகிற இரையைத்தான் முதலில் பார்க்கும்.

ஆகவே உங்கள் செதுக்கல் கொஞ்சம் கோணலாக வந்தால் கவலை வேண்டாம். ரொம்ப அழகாக வந்துவிட்டால்தான் சிக்கல். கரையில் நிற்பவர்கள் விலை கேட்பார்கள், மீன் கேட்காது.