வீடே அச்சு

கேள்வி: அச்சில் வார்த்து எடுப்பதையும் சிற்பம் என்கிறார்களே! உளியே பிடிக்காதவர் எப்படிச் சிற்பி?

பதில்: உளி கிடக்கட்டும், கலைஞர் ரேச்சல் ஒயிட்ரீட் ஒரு வீட்டையே அச்சாகப் பிடித்தவர்! 1993-ல் கிழக்கு லண்டன் குரோவ் ரோட்டில், இடிபடக் காத்திருந்த மூன்றடுக்கு வீடு. உள்சுவரில் கான்கிரீட் ஒட்டிக்கொள்ளாதபடி ஒரு பூச்சு பூசி, கம்பி கட்டி, கான்கிரீட்டைப் பீய்ச்சி அடித்தார்கள். இறுகியதும் வெளிச்சுவர்ச் செங்கற்களைப் பெயர்த்தார்கள். மிஞ்சியது வீடு அல்ல, வீட்டுக்குள் இருந்த வெற்றிடம்! தட்டில் குழி இருந்தால்தானே இட்லி உப்பும்? அந்தக் கணக்கில் கணப்படுப்பு வெளியே புடைத்தது, சன்னல் சட்டம் பள்ளமானது. எந்த உளிக்கும் தோன்றாத உருவம். அச்சும் கான்கிரீட்டும் சேர்ந்து போட்டது. ஆனால் அந்த வீட்டைத் தேர்ந்தெடுத்த கண் சிற்பியுடையது. என் ஓட்டு அவருக்கே.

அந்த ஆண்டு அவருக்கு டர்னர் கலைப் பரிசு 20,000 பவுண்டு. ‘மோசமான கலைஞர்’ என்று கே ஃபவுண்டேஷன் கொடுத்த கேலிப் பரிசோ 40,000. (திட்டுக்கு இரட்டைக் கூலி!) சிற்பத்தை 1994 ஜனவரியில் இடித்துவிட்டார்கள்.