ஆறே வாரத்தில் மெயின்டனன்ஸ் எக்ஸ்பர்ட்

(பீளமேட்டில் ஒரு வீட்டுத் திண்ணை. மாமா, ஸ்பின்னிங் மில்லில் மெயின்டனன்ஸ் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மாப்பிள்ளை, பி.இ. மெக்கானிக்கல், அகாடமி ஆரம்பிக்கப் போகிறார்.)

மாப்பிள்ளை: மாமா, இந்த நோட்டீஸைப் பாருங்க. ‘ஆறே வாரத்தில் மெஷின் மெயின்டனன்ஸ் எக்ஸ்பர்ட். வீட்டில் இருந்தபடியே.’

மாமா: மெஷினையும் வீட்டுக்கே அனுப்பிருவீங்களா மாப்ள?

மாப்பிள்ளை: எல்லாம் ஸ்கிரீன்லயே வருமுங்க. த்ரீ-டி. பேரிங்கை விரலாலயே சுத்தலாம்.

மாமா: விரல் சுடுமா?

மாப்பிள்ளை: ஏனுங்க சுடோணும்?

மாமா: பேரிங் போறதுக்கு முன்னாடி சுடுமுங்க, கத்தும். நாங்க ஸ்க்ரூ டிரைவர் நுனியை ஹவுசிங்ல ஊனி, பிடியைக் காதோட ஒட்டிக் கேப்போம். நல்ல பேரிங் ஒரே சீரா முனகும். கெட்டது மணலை மெல்லற மாதிரி நறநறங்கும்.

மாப்பிள்ளை: அதுக்குத்தானுங்க வைப்ரேஷன் சென்சார். போன்லயே மெசேஜ் வந்துரும்.

மாமா: ரொம்ப நல்லது. மெசேஜ் வந்ததும் பேரிங்கை யாரு மாத்துவாங்க, போனா?

மாப்பிள்ளை: அது மூணாவது வாரத்துல வருதுங்க. ஒன்பது நிமிஷ வீடியோ.

மாமா: சரி, 6205-ன்னா என்னங்க?

மாப்பிள்ளை: ஏதோ ரூம் நம்பர் மாதிரி இருக்குதுங்க.

மாமா: பேரிங் நம்பருங்க. கடைசி ரெண்டு எண்ணை அஞ்சால பெருக்குனா 25. உள்துளை 25 மில்லிமீட்டர். ஷாஃப்ட்ல இறுக்கமா ஏறோணும்னா சுமார் 110 டிகிரிக்குச் சூடு பண்ணி ஏத்துவோம். அவசரக்காரன் வெளி ரேஸ்ல சுத்தியால போடுவான். அந்த அடி பால் வழியா உள்ள எறங்கித் தழும்பாயிரும். புது பேரிங்குக்கு அன்னிக்கே கருமாதிக்கு நாள் குறிச்சாச்சு. கிரீஸ் எவ்வளவு வெப்பீங்க?

மாப்பிள்ளை: தாராளமா வெச்சுடறதுங்க!

மாமா: அடைச்சு வெச்சா, கிரீஸைக் கடைஞ்சு கடைஞ்சே சூடேறிப் போயிருமுங்க. காலியிடத்துல மூணுல ஒரு பங்கு வெச்சாத் தாட்டியா ஓடும். மாப்ள பி.இ. இல்லீங்களா?

மாப்பிள்ளை: அதனாலதானுங்க அகாடமி வைக்கறேன்!

மாமா: ஐ.டி.ஐ.ல ஃபிட்டர் டிரேடுக்கே 2 வருஷமுங்க. இரும்புப் பட்டையை வைஸ்ல கடிக்க வெச்சு அராவோணும். வாத்தியார் ட்ரை ஸ்கொயரை அதுமேல வெச்சு ஜன்னலுக்கு நேரா தூக்குவார். இடுக்குல வெளிச்சம் எட்டிப் பாத்தா மறுபடி அராவோணும். உள்ளங்கை காச்சுப் போயிரும்.

மாப்பிள்ளை: அந்தக் காலமெல்லாம் போச்சுங்க. டாடா டெக்னாலஜிஸோட சேர்ந்து 71 அரசு ஐ.டி.ஐ.க்கு ரோபோ, சி.என்.சி. எல்லாம் கொண்டாந்தாச்சு.

மாமா: சந்தோஷந்தானுங்க. அந்த ரோபோவும் ஒரு நாள் நிக்குமுல்ல? உங்க கோர்ஸ்ல முதல் பாடம் என்னங்க?

மாப்பிள்ளை: செயற்கை நுண்ணறிவு, ஓர் அறிமுகம்.

மாமா: எங்களுக்குப் பூட்டு, ஓர் அறிமுகம். மெயினை ஆஃப் பண்ணிப் பூட்டோணும். சாவி அவனவன் பாக்கெட்ல. பேர் எழுதின அட்டையைத் தொங்கவிட்டுட்டு, ஸ்டார்ட் பட்டனையும் ஒருக்கா அமுக்கிப் பாத்துட்டுத்தான் கையை உள்ள விடோணும். ‘அஞ்சு நிமிஷ வேலைதான’ன்னு சூப்பர்வைசர் அவசரப்படுத்தற அன்னிக்குத்தான் விரல் போகும்.

மாப்பிள்ளை: இத்தனை தெரிஞ்ச நீங்க யாருக்குங்க சொல்லிக் குடுத்தீங்க? அலைன்மென்ட்டுக்கு டயல் கேஜை எடுத்ததும் ஹெல்பர் பையனை டீ வாங்க அனுப்பிருவீங்களாமே?

மாமா: டீ ஆறிப் போகுமுல்லீங்க.

மாப்பிள்ளை: அவன் திரும்பி வர்றதுக்குள்ள கப்ளிங்கை மறைக்கற மூடியை மாட்டிருவீங்களாமே?

மாமா: ...தொழில் ரகசியமுங்க. எல்லாத்தையும் அவன் கத்துக்கிட்டா என்னைய எதுக்கு வெச்சிருப்பாங்க? முதலாளியை விட்டுட்டு எங்கிட்ட வர்றீங்க. அப்ரண்டிஸ் சட்டம் 1961-லயே வந்தாச்சு. இன்னும் பாதி இடத்துல அப்ரண்டிஸுங்கறவன் பஞ்சு கூட்டற பையன். மெஷின் ஓடுனா, ‘சும்மா உக்காந்திருக்கற இவனுகளுக்கு எதுக்குச் சம்பளம்?’ நின்னு போனா, ‘இவனுகளுக்கு எதுக்குச் சம்பளம்?’

மாப்பிள்ளை: பாத்தீங்களா, நம்ம அகாடமிக்கு நீங்கதான் சரியான ஆளு. சேர்ந்துக்குங்க.

மாமா: பையனுக்கு ஒரு வைஸ் வேணுமுங்க. அம்பது பேருன்னா அம்பது வைஸ்.

மாப்பிள்ளை: கட்டுப்படியாகாதுங்க. ஒண்ணு வாங்கி, அம்பது கோணத்துல படம் எடுத்துக்கலாம்.

மாமா: எனக்கு என்ன வேலை?

மாப்பிள்ளை: சீஃப் மென்டார். நோட்டீஸ்ல உங்க போட்டோ. மாசம் ஒரு தொகை.

மாமா: (துண்டை உதறித் தோளில் போட்டபடி) போட்டோவுக்கு வெள்ளைச் சட்டை போடட்டுமா, காக்கியா?

மாப்பிள்ளை: காக்கிதானுங்க. கன்னத்துல கொஞ்சம் கிரீஸ் பூசிக்கோணும்.

மாமா: எவ்வளவு?

மாப்பிள்ளை: தாராளமாப் பூசுங்க மாமா. அங்க மூணுல ஒரு பங்குக் கணக்கெல்லாம் கிடையாது.