அணிலுக்கு மட்டும் டிரிப்

2021 ஜூனில், அன்றைய மின்துறை அமைச்சர் செந்தில் பாலாஜி மின்தடைக்கான குற்றவாளியைப் பிடித்துக் கொடுத்தார்: அணில். மரக்கிளையிலிருந்து தாவி ஓடும்போது கம்பிகள் உரசிவிடுகின்றனவாம். ஊரே சிரித்தது. சொன்னதில் பொய்யில்லை, பாவம். அணிலின் முதுகில் ராமர் மூன்று கோடு போட்டார். மின்வாரியம் அது ஓட மூன்று பேஸ் கம்பி போட்டது.

ஆனால் அணில் செய்வது யோக்கியமான பால்ட், அதாவது மின்பழுது. கம்பிக்கும் இரும்புச் சட்டத்துக்கும் நடுவே உடம்பு பட்டதும் மின்னோட்டம் எகிறும், அதைக் கண்காணிக்கும் ரிலே விழிக்கும், பிரேக்கர் விழும், ஊருக்கு மின்சாரம் கொண்டுபோகும் பீடர் டிரிப். கடலூர் முதுநகர் இருட்டில் உட்கார்ந்து அணிலைத் திட்டும்.

மனிதனுக்கு அந்த மரியாதை கிடையாது. உப்புக்காற்றில் அரித்துப்போன கம்பி அறுந்து கடலோர மணலில் விழுகிறது என்று வையுங்கள். காய்ந்த மணலில் மின்சாரம் லேசில் இறங்காது. ஓடினால் சில ஆம்பியர்தான். ரிலேக்கு வைத்திருக்கும் அளவு அதைவிடப் பெரியது. ஆகவே அதன் கணக்கில் ஒன்றுமே நடக்கவில்லை. கம்பியில் உயிர் அப்படியே இருக்கிறது. விடியலில் மாடு மிதிக்கும். மாட்டைத் தேடிப் போனவர் மிதிப்பார். பிறகு யாரோ போன் போட, துணைமின் நிலையத்தில் கையால் நிறுத்துவார்கள்.

இதெல்லாம் யாரும் அறியாத மர்மமா? இப்படி ஒரு கம்பி மட்டும் அறுந்து, மூன்று பேஸும் சமமில்லாமல் கெடும்போது எப்படிக் கணக்குப் போடுவது என்று மின்பொறியாளர் போர்ட்டெஸ்க்யூ 1918லேயே எழுதிவிட்டார். சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்து மாணவன் அதைப் போட்டுத்தான் தேர்வில் தேறுகிறான். வாரியத்தின் பால்ட் ஆய்வுக்கு இவ்வளவு கணக்கு வேண்டாம். இரண்டே விடை: இயற்கைச் சீற்றம், அல்லது கவனக்குறைவு. கவனக்குறைவு என்றால் செத்தவருடையது.

2011 டிசம்பர் 30இல் தானே புயல் வந்து கம்பங்களை வரிசையாகச் சாய்த்தது. கடலூர் மாவட்டத்துக்குள்ளேயே மின்சாரம் தயாரிக்கும் நெய்வேலி இருந்தும், கிராமங்கள் வாரக்கணக்கில் இருளில் கிடந்தன. சரி, அது புயல், ஒப்புக்கொள்வோம். சாதாரண ஆடிக்காற்றுக்கு அறுந்து விழும் கம்பிக்கு என்ன பெயர் வைப்பீர்கள்?

காலியிடத்தில் ஒரு லைன்மேனைப் போடுங்கள், இத்துப்போன கம்பியை மாற்றுங்கள் என்றால் வாரியம் கடனில் இருக்கிறது என்பார்கள். நிவாரணக் காசோலைக்கு மட்டும் பணம் வந்துவிடும், கூடவே போட்டோகிராபரும்.