பற்றறி என் கையில்

எனக்குக் காது மந்தம் என்ற செய்தி கொழும்புத்துறை முழுவதும் பரவி, பாசையூர் மீன்சந்தையைத் தொட்டு, அரியாலைப் பக்கம் ஒருமுறை போய்வந்த பிறகுதான் என் வீட்டுப் படலைக்கு வந்தது. வந்ததும் எனக்குக் கேட்கவில்லை. மனுசிதான் உரத்துச் சொன்னாள்.

அதுவரை என் கட்சி வேறு. ஊரில் எல்லாரும் வாய்க்குள் கதைக்கப் பழகிவிட்டார்கள். ரீவியில் செய்தி வாசிக்கிற பிள்ளைகளும் காலைச் சாப்பாடு இல்லாமல் வந்து வாசிக்கிறார்கள். இந்தக் கட்சியை நான் இன்னும் முழுதாகக் கலைத்துவிடவில்லை. ஆனால் ஒருநாள் பக்கத்து வளவுக்காரர் படலையில் சைக்கிளை நிறுத்தி, "அண்ணை, செத்தவீட்டுக்குப் போறன், வாறியளோ?" என்று கேட்டார். என் காதில் விழுந்தது மெத்தைவீடு. "நல்ல விசயம். எத்தினை மாடி?" என்றேன். அவர் பதில் சொல்லாமல் பெடலை மிதித்தார். அந்தக் கிழமையே காதுப் பரிசோதனைக்கு நாள் எடுக்கப்பட்டது. எடுத்தது நானல்ல.

சத்தம் புகாத ஒரு சின்ன அறைக்குள் இருத்தி, ஹெட்போனை மாட்டி, சத்தம் கேட்டால் பொத்தானை அமத்தச் சொன்னார்கள். நான் தபாற்கந்தோரில் தந்தி அடிக்கப் பழகியவன். பொத்தான் அமத்துவது கைவந்த வேலை. கேட்காத சத்தத்துக்கும் தாளம் தப்பாமல் அமத்தினேன். பரிசோதித்த பிள்ளை சிரித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கினாள். கடைசியில் கையில் தந்த வரைபடத்தில் என் கேள்வி இடப்பக்கம் முற்றம்போலச் சமமாகப் போய், வலப்பக்கம் கிணற்றுக்குள் விழுந்திருந்தது.

வயதோடு வரும் காது மந்தம் அப்படித்தான். முதலில் போவது வரைபடத்தின் வலப்பக்கத்தில் இருக்கும் உயர்ந்த அதிர்வெண். 'ஆ', 'ஓ' என்ற உயிரொலிகள் தாழ்ந்த அதிர்வெண்ணில் உரத்து வருவதால் அவை தப்பிவிடும். சகரத்தையும் தகரத்தையும் பகரத்தையும் பிரித்துக் காட்டும் சத்தம் உயர்ந்த அதிர்வெண்ணில் மெலிதாக வருவதால் அது முதலில் காணாமற்போகும். ஒருவர் கதைக்கிறார் என்பது தெரியும், என்ன கதைக்கிறார் என்பது தெரியாது. மேடைப் பேச்சுக்களைப் பொறுத்தவரை இதனால் எனக்குப் பெரிய நட்டமில்லை.

டொக்டர் கேட்டார்: "சத்தம் கூடின இடத்திலை வேலை செய்தனீங்களோ?"

"இல்லை டொக்டர், தபாற்கந்தோரிலைதான்."

"வேறை எங்கையாவது பெரிய சத்தத்துக்குக் கிட்ட இருந்தனீங்களோ?"

"யாழ்ப்பாணத்திலை இருந்தனான்."

அவர் தலையை நிமிர்த்தாமல் எழுதிக்கொண்டார். அவரும் இங்கே இருந்தவர்தான்போலும்.

1990இல் கோட்டையைச் சுற்றிச் சண்டை நடந்த மாதங்களில் இந்த ஊரில் சின்னப் பிள்ளைக்கும் சத்தத்தை வைத்து ஆளை அறியத் தெரியும்: இது கெலி, இது பொம்மர், இது சகடை. நல்ல காது உள்ளவர் பங்கருக்குள் முதலில் போனார். கேட்பதா விடுவதா என்று அன்று யாரும் எங்களிடம் விருப்பம் கேட்கவில்லை. அந்தக் காலத்துப் பொருளாதாரத் தடையில் வடக்குக்கு வரக்கூடாத சாமான்களில் பற்றறியும் ஒன்று. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் ரேடியோ கேட்டோம். காதுமெசினுக்கு அப்படி ஒரு டைனமோ கிடையாது. மெசின் போடுவது அவரவர் விருப்பம் என்று இன்று நான் பெரிதாகக் கதைக்கிறேன். விருப்பம் என்ற சொல்லுக்குக் கடையில் பற்றறி இருக்க வேண்டும்.

என் மெசினை வாங்கித் தந்தவள் ரொறன்ரோவில் இருக்கும் மகள். அவளோடு போனில் கதைக்கும்போது, கேட்காத கேள்விக்கெல்லாம் "ஓமோம்" என்று சொல்வது என் வழக்கம். அந்த ஓமோம்களில் ஒன்றுக்குத்தான் மெசின் வந்தது. ஆக, காதுமெசின் வேண்டும் என்று நான் சம்மதம் கொடுத்ததே காதுமெசின் இல்லாத காரணத்தால்தான்.

சாமான் சின்னது. காதுக்குப் பின்னால் உட்காரும். மைக் சத்தத்தைப் பிடிக்கும். உள்ளே இருக்கிற கணினித் துண்டு, வரைபடத்தில் எந்த இடம் விழுந்ததோ அந்த இடத்தை மட்டும் தூக்கிவிடும். மெல்லிய குழாய் வழியாக அது காதுக்குள் போகும். பற்றறி சட்டைப் பொத்தானிலும் சிறிது. அதன் முதுகில் ஒரு ஒட்டுத்தாள் இருக்கும். உரித்தால் காற்று உள்ளே போய் வேலை தொடங்கும். பிறகு திருப்பி ஒட்டினாலும் நிற்காது. மெசினைக் கழற்றி வைத்துவிட்டு நான் மௌனம் காக்கிற நேரத்திலும் அது என் பென்சன் காசைத் தின்றுகொண்டே இருக்கும்.

போட்ட அன்று உலகம் திரும்பி வரும் என்று எதிர்பார்த்தேன். வந்தவை வேறு: என் செருப்புச் சத்தம், என் சேட்டுக் கை உரசும் சத்தம், குசினியில் பிறிச் முனகும் சத்தம், மனுசி பேப்பரை மடிக்கும் சத்தம். ஒரு பப்படத்தைக் கடித்தேன். மண்டைக்குள் ஒரு கூரை விழுந்தது. பல வருடமாகக் கேட்காமல் விட்ட சத்தங்களில் எது தேவை, எது தேவையில்லை என்று மூளை மறுபடி பழகக் கிழமைக் கணக்கில் எடுக்கும் என்றார்கள். பலர் அந்தப் பொறுமை இல்லாமல் முதல் கிழமையிலேயே மெசினை அலுமாரிக்குள் வைத்துவிடுகிறார்கள்.

நான் பொறுத்தேன். பொறுத்ததன் பலனாக, ஒருநாள் காலை பாண் ஓட்டோவின் சத்தம் ஒழுங்கைத் தொங்கலிலிருந்தே கேட்டது. இலங்கையில் பாண் ஓட்டோ என்றால் பலருக்கும் ஞாபகம் வருவது 'ஃபியூர் எலிசே' என்ற மெட்டு. அதைப் பீத்தோவன் 1810இல் எழுதினார். அவருக்குக் காது மந்தமாகத் தொடங்கி அப்போது பத்து வருடத்துக்கு மேல். பிறகு மெல்ட்செல் என்ற நண்பர் பித்தளையில் செய்துகொடுத்த ஊதுகுழல் மாதிரியான கருவிகளைக் காதில் வைத்துப் பார்த்தார். 1818 அளவில் ஒரு நோட்டுப் புத்தகத்தை நீட்டி, சொல்ல இருப்பதை எழுதச் சொல்லிவிட்டார். பதிலை அவர் பெரும்பாலும் வாயால் சொன்னார். அதனால் மிஞ்சியிருக்கும் நோட்டுகளில் அதிகம் இருப்பது மற்றவர்களின் கேள்விகள்தான். எங்கள் வீட்டிலும் நிலைமை அதுவே. ஆனால் நாடு முழுவதும் விடிய எழும்பிப் பாண் வாங்குவது ஒரு காது கேளாதவர் போட்ட மெட்டுக்கு என்பதை நினைக்க எனக்குக் கொஞ்சம் நெஞ்சு நிமிர்கிறது.

மெசின் பழகிய பிறகுதான் வீட்டில் சிக்கல் தொடங்கியது. எனக்கு முன்னால் எதையும் கதைக்கலாம் என்ற சுதந்திரம் அதுவரை எல்லாருக்கும் இருந்தது. மச்சாள் வந்திருந்தா. விறாந்தையில் என் கதிரைக்குப் பக்கத்திலேயே இருந்து, வழமையான குரலில் மனுசியிடம் கேட்டா: "உந்த மனிசன் பென்சன் காசை எங்கை கொண்டுபோய்க் கட்டுறார்?"

"சீட்டுக்கு," என்றேன் நான்.

மச்சாள் தேத்தண்ணியை முடிக்காமலே எழும்பிவிட்டா. அன்றைக்குப் பின்னேரம், மெசின் போடச் சொல்லி இவ்வளவு காலம் ஆக்கினைப்படுத்திய அதே மனுசி அன்பாகச் சொன்னாள்: "இஞ்சாருங்கோ, வீட்டுக்கை இருக்கேக்கை அதைக் கழட்டி வையுங்கோவன். காது நோகுமெல்லே?"

அங்கேதான் எனக்கு விசயம் பிடிபட்டது. என் காது திறந்திருக்க வேண்டும் என்று எல்லாரும் விரும்புகிறார்கள், அவரவர் அலுவலுக்கு. மகளுக்குப் போன் கதைக்க, மனுசிக்குச் சந்தைச் சாமான் சொல்லிவிட, வங்கிப் பிள்ளைக்கு ஒருதரம் சொன்னதை இரண்டாம்தரம் சொல்லாமல் விட. அலுவல் முடிந்தால் மூடிவிடவும் வேண்டும். ஆகையால் நேர அட்டவணையை நானே போட்டேன்.

விடியத் தேத்தண்ணியும் பேப்பரும் மெசின் இல்லாமல். றோட்டுக்கு இறங்கினால் மெசின். எங்கள் பெடியளின் மோட்டார்சைக்கிள் காது கேட்பவர்களையே விட்டுவைப்பதில்லை. வங்கிக்கும் கிளினிக்குக்கும் மெசின். செத்தவீட்டுக்குக் கட்டாயம் மெசின். கலியாண மண்டபத்தில் நூறு வாயும் நூறு தட்டும் ஒன்றாகப் பெருகும் என்பதால் சாப்பாட்டு நேரம் கழற்றிவிடுவேன். திருவிழாக் காலத்திலும் அப்படியே. எங்கள் பக்கம் கோயிலும் உண்டு, தேவாலயமும் உண்டு, இரண்டிலும் ஒலிபெருக்கி உண்டு. இரண்டு பக்கத்தையும் சமமாகக் கேட்காமல் விட்டு மதநல்லிணக்கம் காக்கிறேன்.

இதை ஊர் ஏற்றுக்கொள்ளவில்லை என்பதுதான் ஆச்சரியம். யோகர் சுவாமி பல பத்தாண்டுகள் இந்தக் கொழும்புத்துறையில் ஒரு குடிலில் இருந்தவர். 1964இல் சமாதியானார். ஊர்ப்புதினம் கொண்டுபோனவர்கள் அவரிடம் ஏச்சு வாங்கிக்கொண்டு திரும்பினார்கள். சும்மா இருப்பதன் அருமையை உலகத்துக்குச் சொன்னவரின் ஊரில், நான் பின்னேரம் கொஞ்ச நேரம் வேப்பமரத்தடியில் சும்மா இருந்தால், "பாவம், மனிசனுக்கு ஒண்டும் கேக்காது" என்கிறார்கள்.

பாவம் என்று சொல்ல முன்னர் எடிசனைக் கேட்டிருக்க வேண்டும். அவரும் இளமையில் தந்தி அடித்தவர், அதாவது எங்கள் இலாகா. காது மந்தமானதால் பக்கத்து மேசைக் கருவிகளின் இரைச்சல் இல்லாமல் தன் கருவியை மட்டும் கேட்டு வேலை செய்ய முடிந்தது என்று பிற்காலத்தில் பெருமையாகச் சொன்னார். இரண்டாம் மனைவி மினாவிடம் கலியாணம் கேட்டதே கையில் மோர்ஸ் தட்டித்தான். என் கலியாணத்தைத் தரகர் வந்து கேட்டார்; அவருக்கு எட்டு ஊருக்குக் கேட்கும் குரல். ஸ்கொட்லாந்தின் தாளவாத்தியக் கலைஞர் எவலின் கிளெனிக்குப் பன்னிரண்டு வயதளவில் கேள்வி ஏறக்குறைய முழுதாகப் போய்விட்டது. மெசின் சத்தத்தைக் கூட்டியதே தவிரத் தெளிவைக் கூட்டவில்லை என்று கண்டு அவர் அதைக் கழற்றினார். வெறுங்காலோடு மேடையில் நின்று, அதிர்வை உடம்பால் வாங்கி வாசிக்கிறார்.

மகள் இந்த நியாயத்துக்கெல்லாம் மசியமாட்டாள். அவள் படித்தவள். நடுவயதில் கேள்வி குறைவது மறதிநோய்க்கு ஒரு காரணியாகலாம் என்று 'லான்செட்' மருத்துவ இதழின் ஆணைக்குழு சொன்னதை அனுப்பினாள். நானும் தேடி வாசித்தேன். 70 வயது தாண்டியவர்களை மூன்று வருடம் கவனித்த ஒரு அமெரிக்க ஆய்வு 2023இல் வந்தது. எல்லாரையும் சேர்த்துப் பார்த்தால் மெசின் போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் வித்தியாசம் இல்லை. ஏற்கெனவே ஆபத்துக் கூடியவர்களில் மட்டும், மெசின் போட்டவர்களுக்கு மூளைத்திறன் தேய்வது ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. நான் எந்தப் பக்கம் என்று தெரியாதபடியால் அட்டவணையில் ஒரு மணித்தியாலம் கூட்டிக் கொடுத்தேன். மகள் இதைத் தன் வெற்றி என்கிறாள். ஓமோம்.

என் கதை வயதுபோனவன் கதை. பிறவியிலேயே காது கேளாத குழந்தையின் கதை வேறு. மூளை மொழியைப் பிடிக்கிற வயது முதல் சில வருடங்கள்தான். காதுமெசினோ, உட்செவிக்குள் வைக்கிற கொக்ளியர் கருவியோ, எது சரி என்று பெற்றோர் சுணங்காமல் தீர்மானிக்க வேண்டும். அதற்காகக் கைமொழியைப் பகைக்கவும் கூடாது. தொலைபேசி கண்டுபிடித்த கிரகம் பெல்லின் தாய்க்கும் மனைவிக்கும் காது கேளாது. மனைவி காதில் வைத்துக் கேட்க முடியாத ஒரு கருவியால் உலகப்புகழ் பெற்ற அந்தக் கணவர்தான், செவிடர் எல்லாரும் வாயால் பேசவே பழகவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். 1880இல் மிலானில் கூடிய ஆசிரியர் மாநாடும் வகுப்பறையில் கைமொழி வேண்டாம் என்று முடிவெடுத்தது. அந்த முடிவை நிராகரித்து, வருத்தம் தெரிவிக்க 2010 வரை சென்றது. காது கேட்கிறவர்கள் கூடிக் காது கேளாதவர்களுக்காக எடுத்த முடிவைத் திருத்த 130 வருடம். எங்கள் கைதடி நவீல்ட் பாடசாலைப் பக்கம் போனால், காது கேளாத பிள்ளைகள் கையால் பகிடி விட்டுச் சிரிப்பதைப் பார்க்கலாம். மெசின் போட்ட நான்தான் அங்கே ஒன்றும் விளங்காமல் நின்றேன்.

ஆக, என் தீர்ப்பு இது. முதலில் காதைப் பரிசோதியுங்கள். மெசின் தந்தால் பழகுகிற அளவுக்குப் போட்டுப் பாருங்கள். அதன் பிறகு போடுவதும் விடுவதும் உங்கள் விருப்பம். பரிசோதிக்காமலே வேண்டாம் என்பது விருப்பம் அல்ல, பஞ்சி.

காது கேட்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. போர்த்துக்கேயர் யாழ்ப்பாணத்தைப் பிடித்தது 1619இல். சரியாக இருநூறு வருடம் கழித்து, காது மந்தமான அவர்களின் ஆறாம் ஜோவாவ் ராசாவுக்கு லண்டனில் ஒரு கதிரை செய்தார்கள். கைபிடி இரண்டும் வாய் திறந்த சிங்கம். வந்தவர்கள் முழங்காலில் நின்று சிங்கத்தின் வாய்க்குள் பேசவேண்டும். சத்தம் குழாய் வழியாக ராசாவின் காதுக்குப் போகும். நான் அவ்வளவு கேட்கவில்லை. குசினிக்குள் நின்றுகொண்டு விறாந்தையில் இருப்பவனோடு கதைக்காதேயுங்கோ. முன்னுக்கு வந்து, முகம் தெரிய நில்லுங்கோ. கத்தாதேயுங்கோ, கத்தினால் பெருப்பது உயிரொலிதான், விளங்காத இடம் விளங்காமலே இருக்கும். ஒருதரம் விளங்காவிட்டால் வேறு சொல்லால் சொல்லுங்கோ. மூன்றாம்தரம் கேட்டதற்காக, "ஒண்டுமில்லை, விடுங்கோ" என்று மட்டும் சொல்லாதேயுங்கோ. அந்த ஒன்றுமில்லாததைக் கேட்கத்தான் காசு கொடுத்துப் பற்றறி வாங்குகிறோம்.