விழுந்தது பாதி, தூக்கறது மீதி

ஏங்கண்ணு, பழைய போர்விமானம்னா உனக்கு உசுராமே? செரி, அப்ப ஒண்ணு சொல்லு பார்க்கலாம். அதுல எது முக்கியம்? எஞ்சின்ங்கறே. றெக்கைங்கறே. எந்தச் சண்டையில எத்தனை குண்டு போட்டுச்சுன்னு பாராமலே ஒப்பிக்கறே. 1943-ல அடிச்ச பச்சை வேற, 1944-ல அடிச்ச பச்சை வேறன்னு பெயிண்டுக்காகப் பொழுதுக்கும் சண்டை போடறே. சக்கரத்தைப் பத்தி ஒரு வார்த்தை வந்துச்சா உன்ற வாயில? வராது. மேல போறதைத்தானே நீங்க அல்லாரும் வேடிக்கை பார்ப்பீங்க. போனது கீழ வந்துதானே ஆகோணும்?

சக்கரத்தை வயித்துக்குள்ள மடக்கிக்கற வித்தையைக் கண்டுபுடிச்ச அன்னைக்கே இந்தத் தலைவலியும் கூட வந்துபோச்சு. மடக்கறதுக்கு எண்ணெய், எண்ணெய்க்குக் குழாய், குழாய்க்குப் பம்பு. மேல மடங்கினா ஒரு கொக்கி புடிக்கோணும், கீழ இறங்கினா இன்னொரு கொக்கி புடிக்கோணும். இதுல ஏதோ ஒரு மூலையில ஒரு ரப்பர் வாஷர் இத்துப்போனாப் போதும், அத்தனை கோடி ரூவாச் சாமானும் தரையைத் தேய்க்கும். பி-17 குண்டுவிமானம் கட்டின அமெரிக்காக்காரன் கொஞ்சம் வெவரம். சக்கரத்துக்குக் கரண்டு மோட்டார் வெச்சான். அது நின்னுபோனாக் கையில சுத்தி இறக்க ஒரு ஹேண்டிலும் வெச்சான். கையில சுத்தற சமாச்சாரம் இருந்தாத்தான் எனக்கு நம்பிக்கை.

எல்லாம் நல்லா இருந்தும் இறக்கவே மறந்துபோற மகராசனுகளும் உண்டு கண்ணு. சக்கரத்தை மறந்தவன், இனிமே மறக்கப்போறவன், பைலட்டுல ரெண்டே சாதிதான்னு அவங்களுக்குள்ளயே ஒரு பேச்சு இருக்குது. நான் சொல்லலை.

2017 மே 27 அன்னைக்கு இங்கிலாந்துல நடந்ததைக் கேளு. சீ விக்சன்னு ஒரு ஜெட்டு. பிரிட்டிஷ் கடற்படைக்காரன் கப்பல் மேல இருந்து பறக்க விட்டது. வாலுக்கு ரெட்டைத் தண்டு. பைலட்டை நடுவுல உக்கார வெக்காம இடது பக்கமா ஒதுக்கியிருப்பான். ரேடார் பார்க்கறவன் பாடு இன்னும் மோசம், வலது பக்கம் உள்ளாற ஒரு பொந்துல அவனை இறக்கி விட்டிருப்பான். உலகத்துல பறக்கற நிலைமையில இருந்த சீ விக்சன் அது ஒண்ணே ஒண்ணுதான். டக்ஸ்ஃபோர்டுல கூட்டத்துக்கு வித்தை காமிச்சுப்போட்டு யெவில்டன் தளத்துக்குத் திரும்பறப்ப ஹைட்ராலிக் கைவிட்டுப்போச்சு. சக்கரம் இறங்கலை. கமாண்டர் சைமன் ஹார்க்ரீவ்ஸ்ங்கிற பைலட் பதறலை. நேரா ஓடுதளத்துல வயித்தைத் தேய்ச்சு நிறுத்திப்போட்டார். ஆளுக்கு ஒரு கீறல் இல்லை.

நீ கைதட்டிப்போட்டு அடுத்த வீடியோவுக்குப் போயிருப்பே. என்ற கதை அங்கதான் ஆரம்பிக்குது. படுத்ததை எப்படி எந்திரிக்க வெப்பே?

"ஒரு கிரேன் வந்தா அஞ்சு நிமிசம் தாத்தா"ங்கறயா? மசையா! கட்டுத்தரையில சினைமாடு கால் மடங்கிப் படுத்துப்போச்சுன்னா நாலு பேரு வாலைப் புடிச்சு இழுத்தா எந்திரிக்குமா? இடுப்புதான் ஒடியும். வயித்துக்கடியில சாக்கை நுழைச்சு, ரெண்டு பக்கமும் சமமா, அதட்டாமத் தூக்கோணும். விமானத்துக்கும் அதே வைத்தியந்தான். சாக்குக்குப் பதிலாக் காத்துப் பை, அவ்வளவுதான்.

ஆனா அதுக்கு முன்னால எத்தனை வேலை இருக்குது தெரியுமா? விசாரணைக்காரங்க வந்து படம் எடுத்து, "செரி, நகர்த்திக்க"ன்னு சொல்ற வரைக்கும் ஒரு ஆணியைத் தொடக்கூடாது. பொறவு பாட்டரியைக் கழட்டோணும். எரிபொருளை இறக்கோணும். ஜெட்டா இருந்தா, ஆபத்துல பைலட்டை மேல தூக்கி எறியறதுக்குச் சீட்டுல வெடிமருந்து வெச்சிருப்பான். அதுக்குப் பாதுகாப்பு ஊசி குத்தோணும். ஊசி குத்தறதுக்குள்ள நீ செல்பி எடுக்கறேன்னு அதுல ஏறி உக்கார்ந்தீன்னு வெய்யி, உன்ற பாட்டிக்கு நான் என்ன பதில் சொல்லட்டும்?

அந்தக் காத்துப் பைக தடிச்ச ரப்பர். ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கி றெக்கைக்கடியில சொருகுவாங்க. கண்ட இடத்துல சொருகினாத் தகடு அமுங்கிப்போகும். உள்ளாற சட்டம் ஓடற இடம் எதுன்னு படத்தைப் பார்த்து, அங்கதான் வெக்கோணும். ஒரு ஆளு வால்வுல வெச்ச கையை எடுக்கமாட்டான். இன்னொரு ஆளு றெக்கை நுனியையே பார்த்துட்டு நிப்பான். ஒரு விரக்கடை தூக்கு, நிறுத்து, கட்டை குடு. மறுபடியும் ஒரு விரக்கடை. பை நழுவினா வண்டி கட்டை மேல உக்காரோணும், ஆள் மேல உக்காரக்கூடாது. வேணுங்கற உசரம் வந்ததும் சக்கரத்தை இழுத்து இறக்கி, பூட்டு ஊசி சொருகி, அப்பறந்தான் இழுவை வண்டியைக் கூப்புடுவாங்க. இத்தனைக்கும் நடுவுல ஓடுதளம் அடைபட்டுக் கெடக்கும். மஞ்சச் சட்டை போட்ட அதிகாரி கடிகாரத்தைப் பார்ப்பார், போனைப் பார்ப்பார், மறுபடியும் கடிகாரத்தைப் பார்ப்பார். அவர் பேச்சைக் கேட்டு அவசரமா இழுத்தா, இறங்கினப்பத் தப்பிச்ச சட்டம் தூக்கறப்ப ஒடியும்.

காத்தாடி வெச்ச விமானம்னா இன்னொரு கூத்து. விசிறி வளைஞ்சிருக்கும். வேற விசிறி மாட்டினாச் செரியாப் போச்சும்பே. ஓடிட்டிருந்த எஞ்சின் தரையில மோதினப்ப அந்த அடி விசிறியோட நின்னுச்சா? நடுத்தண்டு வரைக்கும் போயிருக்கும். முழு எஞ்சினையும் பிரிச்சு, விரிசல் இருக்குதான்னு ஒவ்வொண்ணாப் பார்க்கோணும். ஸ்பிட்ஃபயர்ல மரவிசிறி வெச்சதுக கொஞ்சம் தேவலை. விசிறி தூள்தூளாப் போயி அடியைத் தானே வாங்கிக்கும்.

முன்னால அவசரம்னு சொன்னேனே, அதுல கிரீன்லாந்து ஞாபகம் வருது. 1947 பிப்ரவரியில கீ பேர்டுன்னு ஒரு பி-29 குண்டுவிமானம் வழி தெரியாம அலைஞ்சு, அங்க ஒரு உறைஞ்ச ஏரி மேல வயித்துல இறங்குச்சு. அது சக்கரக் கோளாறு இல்லை, தெரிஞ்சே மடக்கி இறக்கினது. 11 பேரும் பொழைச்சு வீடு போய்ச் சேர்ந்தாங்க. விமானம் மட்டும் அந்தக் குளிர்ல அப்படியே கெடந்துச்சு. 1994-ல டேரில் கிரீனமையர்னு, வேகத்துல சாதனை பண்ணின ஒரு பைலட், ஆளுகளோட அங்க போனார். நாலு புது எஞ்சின், விசிறி, டயரு, எல்லாத்தையும் அந்த அத்துவானத்துக்குச் சரக்கு விமானத்துல கொண்டுபோனாங்க. பனி முந்திக்கிச்சு. தலைமை மெக்கானிக் நோவுல விழுந்து உசுரையே விட்டார். அந்த எடத்துல கேலி பேச எனக்கு வாய் வரலை.

1995 மே மாசம் மறுபடியும் போனாங்க. எஞ்சின் நாலும் ஓடுச்சு. விமானம் சொந்தச் சக்கரத்துல நகர்ந்துச்சு. மேடுபள்ளப் பனியில குலுங்கிக் குலுங்கிப் போறப்ப, பின்பக்கம் சின்ன ஜெனரேட்டருக்குன்னு தற்காலிகமா மாட்டியிருந்த பெட்ரோல் டப்பா ஒழுக ஆரம்பிச்சுது. தீ புடிச்சுப்போச்சு. 48 வருசக் குளிரு தொடாத விமானம், ஓடினது ஒரு பொழுது, எரிஞ்சுபோச்சு. நாலு எஞ்சினுக்குப் பார்த்தவங்க ஒரு டப்பாவைப் பார்க்கலை, பாரு.

அதே கிரீன்லாந்துல பொறுமைக்காரங்களும் இருந்தாங்க. 1942 ஜூலை 15-ல ஆறு பி-38 போர்விமானம், ரெண்டு பி-17, ஒட்டுக்காப் பனிமேல இறங்க வேண்டியதாப் போச்சு. மொதல்ல இறங்கினவன் மரியாதையாச் சக்கரத்தை இறக்கினான். விமானம் குப்புறக் கவுந்துபோச்சு. ஆளு தப்பிச்சுக்கிட்டான். மேல இருந்து பார்த்தவங்க புத்தியாச் சக்கரத்தை மடக்கியே வழுக்கி இறங்கினாங்க. சக்கரம் இருந்தும் இறக்கக்கூடாத எடம் ஒண்ணு இருக்குது பார்த்தியா? அதுல ஒரு பி-38-ஐ 1992-ல 268 அடிப் பனிக்கடியில இருந்து துண்டு துண்டா மேல எடுத்தாங்க. கென்டக்கியில மிடில்ஸ்பரோங்கிற ஊர்ல பத்து வருசம் உக்கார்ந்து கோத்தாங்க. 2002 அக்டோபர் 26-ல அது பறந்துச்சு. கிளேசியர் கேர்ள்னு பேரு. பத்து வருசமான்னு வாயைப் பொளக்கறே. உனக்குப் பார்சல் பத்து நிமிசம் தாமசமானாலே ஒரு ஸ்டார்தானே குடுப்பே!

இதெல்லாம் வெள்ளைக்காரன் ஊர்க் கதை, நமக்கென்னங்கறயா? ரெண்டாம் உலகப்போர்ல அதே பிரிட்டிஷ் கடற்படை விமானம் ரிப்பேர் பண்றதுக்குப் பட்டறை போட்டிருந்தது நம்ம கோயமுத்தூர்ல. சூலூர்ல விமானத்தளம் வேற. கப்பல்படை சம்பிரதாயம் விடுமா? கரையில போட்ட பட்டறைக்கும் கப்பலுக்கு வெக்கறாப்பல எச்.எம்.எஸ். கருடான்னு பேரு வெச்சாங்க. நொய்யல்ல கப்பல் ஓட்டின துரைமாருக! ஆனா ஒண்ணு, ஒடிஞ்ச விமானத்துக்குப் பட்டறை வேணும்னு தெரிஞ்சு வெச்சாங்க பாரு, அதுல குத்தம் சொல்ல முடியாது.

அந்த சீ விக்சன் என்னாச்சுன்னு கேக்கவே இல்லையே நீயி? தூக்கினது நல்லபடியாத்தான் தூக்கினாங்க. உள்ளாற பார்த்தாத்தான் கியர்பாக்ஸ் விரிசல், எஞ்சின் ரெண்டும் அடிபட்டது, குறுக்குச் சட்டம் கோணிப்போனது. அதை வெச்சிருந்த நேவி விங்ஸ் அறக்கட்டளை கணக்குப் போட்டுச்சு. மறுபடியும் பறக்க வெக்க 20 லட்சத்துல இருந்து 30 லட்சம் பவுண்டு, மூணு நாலு வருச வேலை. கண்காட்சியில கைதட்டினவங்க எல்லாம் பையைத் தடவிப் பார்த்துட்டு வீட்டுக்குப் போயிட்டாங்க. அதுக்கப்பறம் அது பறக்கலை. இப்பச் சக்கரம் மூணும் ஜம்முன்னு இறங்கித்தான் இருக்குது கண்ணு. மடக்கறதுக்குத்தான் காசு பத்தலை.